பிற பொருள்

களியக்காவிளைச் சாவடிக்கு இந்தப் பக்கம்
எங்கள் அண்டி ஆபீஸ்.
கரண்டு பில் தமிழில் வரும்,
மேஸ்திரி திட்டுவது மலையாளத்தில்,
தோட்டண்டி வருவது டான்சானியாவிலிருந்து.

எண்பது கிலோ சாக்கு.
அறுத்துக் கொட்டினால் முதலில் தூசி.
பாறசாலைச் செம்மண்ணைவிட
ஒரு நிறம் கூடுதல்.
லீலாபாய் மூன்று தும்மல் தும்முவாள்,
கணக்குத் தவறாது.

என் வேலை சாம்பிள் பார்ப்பது.
ஒரு கிலோ எடுத்து, வெட்டி,
நல்லது, சொத்தை, முற்றாதது என்று கூறு வைத்து
கடைசிக் கட்டத்தில் 'பிற பொருள்' எழுத வேண்டும்.
கல், காம்பு, சணல் நூல்,
ஒருமுறை நீலச் சட்டைப் பொத்தான்.
அந்த எடைக்கு முதலாளி காசு தரமாட்டார்.

செவ்வாய்க்கிழமை அதில் ஒரு சீட்டு வந்தது.
இரண்டு விரல் அகலம், மஞ்சள் அட்டை.
மேலே சிவப்பில் கை குலுக்கும் முத்திரை.
ஒரு பக்கம் சீன எழுத்து.
மறுபக்கம் இங்கிலீஷ் எழுத்து, ஆனால் இங்கிலீஷ் இல்லை.

"லாட்டரியாக்கும்" என்றாள் லீலாபாய்.
"கேரளா நமக்குத் தராதத சீனாக்காரன் தரட்டு."
பிறகு எழுத்துக்கூட்டி வாசித்தாள்:
சாக்குலா.
"பாத்தியா, சாக்குல கிடந்ததுன்னு
அவனே எழுதி வச்சிருக்கான்."

டெல்பினுக்குப் படம் அனுப்பினேன்.
மாமா மகன், நான்சாங்கில் டாக்டருக்குப் படிக்கிறான்,
அதற்கு நாற்பது சென்ட் ரப்பர் போனது.
இரவு பதினொன்றுக்குப் பதில் வந்தது.
"அக்கா, இது சோத்துச் சீட்டாக்கும்.
நட்பு ரோடு கம்பெனி, மூணாவது கேம்ப்.
மதியம், ஒரு ஆள். தேதி தாண்டினா செல்லாது.
கிழிக்கவே இல்லியே இத?"

இல்லை.
ஓரத்துப் புள்ளிக்கோடு முழுசாய் இருந்தது.
அப்படியானால் சாக்குலா என்றாலும் சோறுதான் போல.

ரோடு போட்டவனே சாக்கும் சுமந்தானா,
சாக்கு தைத்தவள் மடியில்
புருஷன் சீட்டு கிடந்ததா,
அன்றைக்கு அவன் என்ன தின்றான்?
வெயில் எப்படி இருந்தது என்றுகூடத் தெரியாது.

போன வருஷம் முதலாளி சொன்னார்:
"சீனாக்காரன் துறைமுகம் வரைக்கும் ரோடு போடுதான்.
லாரிக்கூலி குறையும், நமக்கு லாபம்."
பேப்பரில் படம் காட்டினார்.
இரண்டு கொடி, இரண்டு பேனா,
பின்னால் பூந்தொட்டி.

இந்த வருஷம் அதே நாற்காலியில் சொல்கிறார்:
"அண்டி ஆபீசும் அங்கேயே கெட்டுதானாம்.
கடன் அவனுக்க, மிஷின் அவனுக்க.
இனி பருப்பாட்டுதான் கப்பல் ஏறும்."
பேப்பரை மடித்து விசிறிக்கொண்டார்.

எனக்க கையில் இருபத்தொரு வருஷத்து அண்டிப்பால் கறை.
சர்ச்சில் காணிக்கைப் பை வரும்போது
விரல்களை மடக்கிக்கொள்வேன்.
இனி அங்கே ஒருத்தி மடக்குவாள்.
அவளுக்கும் வேலை வேண்டும்தானே என்று நினைக்கிறேன்.
நினைத்து முடிக்குமுன்
குழுக்கடன் தவணைத் தேதி ஞாபகம் வருகிறது.
இரண்டையும் நினைப்பது ஒரே தலை.
கறை போன கையை வைத்துக்கொண்டு
நான் என்ன செய்ய?

புதன்கிழமை காலை ரிப்போர்ட் எழுத உட்கார்ந்தேன்.
சொத்தை, இருபத்தெட்டு கிராம்.
பிற பொருள், பன்னிரண்டு.
சீட்டைத் தனியாக எடுத்துத் தராசில் வைத்தேன்.
சிவப்பு எண் அசையவில்லை, பூஜ்யம்.
எடுத்துத் துடைத்து மறுபடியும் வைத்தேன்.

மேஸ்திரி எட்டிப் பார்த்தார்.
"எந்தாடீ அது?"

"சோறு."

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.
"பன்னிரண்டு மணி ஆயில்லல்லோ."